திம்புக்டுவின் இமாம் அஹ்மது பாபா (ரஹ்): விலங்கிட முடியாத இல்மு

அல்ஹம்து லில்லாஹ்! எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், இமாம்கள், உலமாக்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.



ஆப்பிரிக்கா என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் ஸய்யிதுனா பிலால் (ரலி) அவர்கள். அடுத்து, மக்காவிலிருந்து ஹிஜ்ரத் சென்ற ஸஹாபாக்களுக்கு அடைக்கலம் கொடுத்த ஹபஷா நாட்டு மன்னர் நஜ்ஜாஷி (ரஹ்) அவர்கள். இந்த இரண்டு பெயர்களோடு நம்முடைய பட்டியல் முடிந்து விடுகிறது. அதற்குப் பிறகு வந்த ஆயிரத்து நானூறு வருடங்களில் அந்தக் கண்டத்தில் எத்தனை ஆலிம்கள் வாழ்ந்தார்கள், எத்தனை மத்ரஸாக்கள் நடந்தன, எத்தனை கிதாபுகள் எழுதப்பட்டன என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. பஞ்சம், காடு, உள்நாட்டுப் போர் என்று தொலைக்காட்சி காட்டுவதுதான் ஆப்பிரிக்கா என்று நம் பிள்ளைகளும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, இன்றைய ஜும்ஆவில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு மாபெரும் இமாமின் வாழ்க்கையைப் பார்ப்போம். ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் பிறந்து, பதினோராம் நூற்றாண்டில் வபாத் ஆனவர்கள். மாலிக்கி மத்ஹபின் மாபெரும் சட்டமேதை. அவர்களின் பெயர் இமாம் அஹ்மது பாபா அத்திம்புக்தீ (ரஹ்).

கிதாபு விற்ற ஊர்

இன்றைய மாலி நாட்டில், சஹாரா பாலைவனத்தின் தென் விளிம்பில், நைஜர் நதிக்குப் பக்கத்தில் இருக்கிறது திம்புக்டு. வடக்கே தகாஸா சுரங்கத்திலிருந்து ஒட்டகங்களில் உப்புப் பாளங்கள் வரும். தெற்கே இருந்து தங்கம் வரும். இரண்டும் கைமாறும் சந்தை அந்த ஊர்.

அங்கே உப்பையும் தங்கத்தையும் போல இன்னொரு சரக்கும் விற்றது. அதுதான் கிதாபு. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போய் வந்த ஒரு பயணி, மற்ற எல்லாச் சரக்குகளையும் விட வடக்கே இருந்து வரும் கையெழுத்து நூல்களில்தான் அங்கு அதிக லாபம் கிடைக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு ஊரில் எந்தச் சரக்குக்கு மதிப்பு என்று பார்த்தால், அந்த ஊர் மக்களின் மனசு தெரிந்து விடும்.

அந்த ஊரின் பெரிய பள்ளிவாசலான ஜிங்கரேபர், ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பிய மாலி மன்னர் மன்ஸா மூஸா 1327-ம் ஆண்டுவாக்கில் கட்டியது. சிதீ யஹ்யா பள்ளி இன்னொன்று. மூன்றாவது சன்கோரே பள்ளி. இந்தச் சன்கோரேயைப் பல்கலைக்கழகம் என்று இன்று எழுதுகிறார்கள். ஆனால் நம் காலத்துக் கல்லூரி போல ஒரே கட்டடம், ஒரே நிர்வாகம் என்று அங்கே எதுவும் இல்லை. பள்ளியின் தூண்களுக்கு அடியிலும், உஸ்தாதுமார்களின் வீட்டுத் திண்ணையிலும் பாடம் நடந்தது. ஒரு கிதாபை ஒரு உஸ்தாதிடம் முழுவதுமாக ஓதி முடித்தால், அதை மற்றவர்களுக்கு ஓதிக் கொடுக்க அவர் இஜாஸத் கொடுப்பார். அந்த இஜாஸத்தில் உஸ்தாதின் உஸ்தாது யார், அவருடைய உஸ்தாது யார் என்ற சங்கிலித் தொடர் இருக்கும்.

அந்த ஊரின் காழிகளை பல தலைமுறைகளாகத் தந்த குடும்பம் அகீத் குடும்பம். ஸன்ஹாஜா பர்பர் இனத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் குடும்பத்துக் காழி ஆகிப் (ரஹ்) அவர்கள் ஹஜ்ஜுக்குப் போனபோது கஃபாவைக் கயிற்றால் அளந்து வந்து, அந்த அளவிலேயே சன்கோரே பள்ளியின் உள்முற்றத்தைத் திருத்திக் கட்டினார்கள் என்று வரலாற்று நூல்களில் வருகிறது. அந்தக் குடும்பத்தில்தான் 1556-ம் ஆண்டு அஹ்மது பாபா (ரஹ்) அவர்கள் பிறந்தார்கள்.

உஸ்தாது கிடைத்த பாக்கியம்

தந்தை ஓர் ஆலிம். அவரிடமும், தந்தையின் சகோதரரிடமும் ஆரம்பக் கல்வி. நஹ்வு இலக்கணம், ஹதீஸ், ஃபிக்ஹு என்று வீட்டிலேயே ஓதினார்கள். ஆனால் அவர்களை உருவாக்கியவர் என்று அவர்களே வாழ்நாள் முழுவதும் சொல்லிக் கொண்டிருந்தது வேறொருவரை. அந்த உஸ்தாதின் பெயர் முஹம்மது பகயோகோ (ரஹ்).

பகயோகோ (ரஹ்) அவர்கள் ஜென்னே ஊரிலிருந்து வந்தவர்கள். வன்காரா என்று சொல்லப்படும் கறுப்பினத்தவர். அஹ்மது பாபா (ரஹ்) அவர்களோ, தம்மை வெள்ளை நிறத்தவர்களாகக் கருதிய பர்பர் குலத்தில், காழிகளின் பெரிய வீட்டில் பிறந்தவர்கள். அந்தப் பெரிய வீட்டுப் பிள்ளை, ஒரு கறுப்பின உஸ்தாதின் காலடியில் பத்து வருடங்களுக்கு மேல் உட்கார்ந்து ஓதியது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவை ஓதினார்கள். மாலிக்கி மத்ஹபின் முக்தஸர் கலீல் என்ற சட்டநூலை மட்டும் அவர்களிடம் ஏறத்தாழ எட்டு முறை முடித்தார்கள்.

அந்த உஸ்தாதின் ஒரு நாள் எப்படி இருந்தது என்று மாணவரே எழுதி வைத்திருக்கிறார்கள். சுப்ஹு தொழுகை முடிந்ததும் பாடம் தொடங்கும். ளுஹா நேரம் வரை நடக்கும். வீட்டுக்குப் போய் ளுஹா தொழுவார்கள். பிறகு ஏழைகளுக்காகப் பரிந்து பேசவோ, சண்டையிட்டவர்களைச் சமாதானம் செய்யவோ காழியிடம் போவார்கள். மறுபடியும் வீட்டில் ளுஹர் வரை பாடம். ளுஹரிலிருந்து அஸர் வரை பாடம். அஸருக்குப் பிறகு வேறோர் இடத்தில் பாடம். மஃரிபுக்குப் பிறகு பள்ளியில் இஷா வரை பாடம். புரிந்து கொள்ளத் தாமதமாகும் மாணவனுக்கும் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பொறுமையைப் பார்த்த ஒருவர், பாடம் நடத்துவதில் சலிப்பு வரக்கூடாது என்று நிய்யத் வைத்து இவர் ஸம்ஸம் தண்ணீர் குடித்திருக்க வேண்டும் என்று ஆச்சரியப்பட்டாராம்.

கிதாபு விஷயத்தில் அவர்கள் இன்னும் ஒரு படி மேல். அந்தக் காலத்தில் கிதாபு என்றால் கையால் எழுதியது. ஒரு கிதாபின் விலையில் ஒரு குடும்பம் பல மாதம் சாப்பிடலாம். முன்பின் தெரியாத ஒரு மாணவன் வாசலில் வந்து நின்று, வேண்டிய கிதாபின் பெயரைச் சீட்டில் எழிதிக் கொடுத்தால் போதும். உள்ளே தேடி எடுத்துக் கொடுத்து விடுவார்கள். யார் எவர் என்று கேட்பதில்லை. பல கிதாபுகள் திரும்பி வராமலே போயின. அதற்காக அவர்கள் வருத்தப்பட்டதும் இல்லை. அஹ்மது பாபா (ரஹ்) அவர்கள் ஒருமுறை நஹ்வு கிதாபு கேட்டுப் போனபோது, அலமாரி முழுவதும் தேடி, தம்மிடம் இருந்த நஹ்வு நூல்கள் எல்லாவற்றையும் கொண்டு வந்து முன்னால் வைத்து விட்டார்கள்.

சகோதரர்களே! இந்த உஸ்தாதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பிற்காலத்தில் அஹ்மது பாபா (ரஹ்) அவர்கள் நிறத்தைப் பற்றி ஒரு ஃபத்வா எழுதினார்கள். நிறத்தைப் பற்றிய பாடத்தை அவர்கள் கிதாபில் மட்டும் படிக்கவில்லை. பத்து வருடங்கள் அந்த உஸ்தாதின் முகத்தைப் பார்த்துப் படித்திருக்கிறார்கள்.

முஸ்லிம் மீது முஸ்லிம் தொடுத்த போர்

அப்போது திம்புக்டு, சோங்காய் என்ற பெரிய முஸ்லிம் அரசின் கீழ் இருந்தது. வடக்கே மொராக்கோவில் ஸஅதீ வம்சத்து சுல்தான் அஹ்மது அல்மன்சூர் ஆட்சி செய்து கொண்டிருந்தார். அவருக்கு சோங்காயின் தங்கத்தின் மீதும், தகாஸா உப்புச் சுரங்கத்தின் மீதும் கண். உம்மத்தை ஒரே கலீஃபாவின் கீழ் ஒன்றுபடுத்துகிறேன் என்று காரணம் சொன்னார். ஏறத்தாழ நாலாயிரம் வீரர்களை ஜூதர் பாஷாவின் தலைமையில் சஹாராவைத் தாண்டி அனுப்பினார். 1591 மார்ச் மாதம் தொண்டிபி என்ற இடத்தில் போர் நடந்தது. சோங்காய் படை எண்ணிக்கையில் பல மடங்கு பெரியது. ஆனால் அவர்கள் கையில் இருந்தது ஈட்டியும் வில்லும். வந்தவர்கள் கையில் துப்பாக்கி. சோங்காய் வீழ்ந்தது.

கலிமா சொன்னவர்கள் கலிமா சொன்னவர்கள் மீது படையெடுத்தார்கள். காரணம் தங்கம். அதற்குப் போர்த்திய போர்வை தீன். இது அந்தக் காலத்தோடு முடிந்து போன நோய் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

திம்புக்டு மக்கள் புதிய ஆட்சியை மனதார ஏற்கவில்லை. ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. மக்கள் உலமாக்களின் சொல்லைத்தான் கேட்கிறார்கள் என்பதைப் புதிய பாஷா மஹ்மூது புரிந்து கொண்டார். 1593 அக்டோபரில், சுல்தானுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வாருங்கள் என்று சொல்லி உலமாக்களைச் சன்கோரே பள்ளிவாசலுக்கு வரவழைத்தார். அல்லாஹ்வின் வீட்டுக்குள் வந்தவர்களை அங்கேயே சிறைப்பிடித்தார். அழைத்துச் செல்லும் வழியில் சிலர் கொல்லப்பட்டார்கள். அவர்களின் வீடுகள் சூறையாடப்பட்டன.

அஹ்மது பாபா (ரஹ்) அவர்களுக்கு அப்போது வயது ஏறத்தாழ முப்பத்தேழு. அவர்கள் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட கிதாபுகளின் எண்ணிக்கை ஆயிரத்து அறுநூறு. தம் உறவினர்களிலேயே மிகக் குறைவான கிதாபு வைத்திருந்தது தாம்தான் என்று அவர்களே பிறகு சொன்னார்கள். அந்தக் குடும்பத்தின் மற்ற வீடுகளில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1594 மார்ச் மாதம் காழி உமர் (ரஹ்) உள்ளிட்ட அந்தக் குடும்பத்தாரை, பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து, சஹாராவைத் தாண்டி மராக்கேஷுக்கு நடத்திச் சென்றார்கள். அஹ்மது பாபா (ரஹ்) அவர்களின் காலில் விலங்கு. விலங்கோடு ஒட்டகத்தில் சரியாக உட்கார முடியவில்லை. கீழே விழுந்து கால் முறிந்தது. அந்த நிலையிலேயே கொண்டு போனார்கள். ரமலான் பிறந்த நேரத்தில் மராக்கேஷ் போய்ச் சேர்ந்தார்கள். வயது முதிர்ந்த காழி உமர் (ரஹ்) அவர்கள் அந்த அந்நிய ஊரிலேயே வபாத் ஆனார்கள். மற்றவர்கள் இரண்டு வருடம் சிறையில் இருந்தார்கள்.

திரைக்கு முன்னால் நின்ற ஆலிம்

1596-ம் ஆண்டு ரமலானில் விடுதலை கிடைத்தது. ஆனால் ஊருக்குப் போக அனுமதி இல்லை. சுல்தானைச் சந்திக்க அழைத்துப் போனார்கள். சுல்தானின் வழக்கம், தாம் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கொண்டு, முன்னால் நிற்பவரிடம் பேசுவது.

அஹ்மது பாபா (ரஹ்) அவர்கள் பேச மறுத்து விட்டார்கள். மனிதர்களிடம் திரைக்கு அப்பாலிருந்து பேசுவது அல்லாஹ்வுக்கு உரியது என்று குர்ஆனில் வருகிறது, என்னோடு பேச வேண்டுமானால் திரையை விலக்கி வெளியே வாருங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். நேற்று வரை சிறையில் இருந்த ஒரு மனிதர், மராக்கேஷின் மாபெரும் அரண்மனையில், சுல்தானைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. சுல்தான் திரையை விலக்கினார்.

பிறகு கேட்டார்கள். என் கிதாபுகளை ஏன் கொள்ளையடித்தீர்கள்? என் கால் முறியும்படி ஏன் விலங்கிட்டுக் கொண்டு வந்தீர்கள்? உம்மத்தை ஒன்றுபடுத்தத்தான் என்று சுல்தான் காரணம் சொன்னார். அப்படியானால், உங்களுக்குப் பக்கத்திலேயே தில்மிஸானில் இருக்கும் துருக்கியரிடமிருந்து ஏன் தொடங்கவில்லை, அவர்கள்தானே எங்களை விட உங்களுக்கு அருகில் இருக்கிறார்கள் என்று இமாம் திருப்பிக் கேட்டார்கள். துருக்கியர்களிடம் துப்பாக்கி இருந்தது. அதுதான் உண்மையான காரணம் என்று அந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். சுல்தான் ஒரு ஹதீஸைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தார். இமாம் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் சுல்தானால் பேச முடியவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சிறைப்படுவதற்கு முன்பே, அநியாயக்கார ஆட்சியாளர்களை விட்டு ஆலிம்கள் விலகி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அவர்கள் தனியாக ஒரு கிதாபு எழுதியிருந்தார்கள். எழுதுவது யாருக்கும் எளிது. சோதனை வரும்போது எழுதியபடி நின்றார்களே, அதுதான் பெரிது.

நாடு கடத்திய ஊருக்கே உஸ்தாது

மராக்கேஷ் உலமாக்களும் மாணவர்களும் அவர்களிடம் வந்து, பாடம் நடத்தும்படி கெஞ்சினார்கள். முதலில் மறுத்த இமாம், பிறகு ஜாமிஉஷ் ஷுரஃபா பள்ளியில் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். கூட்டம் கூடியது. காழிகளும் முஃப்திகளும் வந்து உட்கார்ந்து ஓதினார்கள். அந்தலூஸின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற இமாம் மக்கரீ (ரஹ்) அவர்களும் இந்த இமாமிடம் இஜாஸத் வாங்கியவர்தான். மொராக்கோவின் தென்கோடியிலிருந்து அல்ஜீரியாக் கரை வரை ஃபத்வாக் கேள்விகள் அவர்களைத் தேடி வந்தன.

கைதியாகக் கொண்டு வரப்பட்டவர், கொண்டு வந்தவர்களின் ஊருக்கே உஸ்தாது ஆனார். இல்முக்கு அல்லாஹ் கொடுத்திருக்கும் கண்ணியம் இது.

அந்த வருடங்களில்தான் நைலுல் இப்திஹாஜ் என்ற அவர்களின் மாபெரும் நூல் நிறைவடைந்தது. மாலிக்கி மத்ஹபின் உலமாக்கள் எண்ணூறு பேரின் வாழ்க்கைக் குறிப்புகள் அதில் இருக்கின்றன. சொந்த கிதாபுகள் எதுவும் கையில் இல்லாத நிலையில் முடித்த நூல் அது. பிறகு அதையே சுருக்கி இன்னொரு நூலும் எழுதினார்கள். எகிப்து, மொராக்கோ, அந்தலூஸ் உலமாக்களின் பெயர்களோடு, அதே வரிசையில், திம்புக்டுவின் உலமாக்களையும் எழுதினார்கள். தம் உஸ்தாது பகயோகோ (ரஹ்) அவர்களையும் எழுதினார்கள். சற்று முன் நான் சொன்ன ஸம்ஸம் தண்ணீர் செய்தியும், வாசலில் சீட்டு கொடுத்த மாணவனின் செய்தியும் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன. மாணவர் எழுதாமல் விட்டிருந்தால், அந்த உஸ்தாது அப்படி வாழ்ந்தார் என்பதே இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

1603-ல் சுல்தான் மன்சூர் இறந்தார். அவருடைய மகன் ஸைதானின் காலத்தில்தான் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. வழியனுப்ப மராக்கேஷ் உலமாக்கள் திரண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர், பயணம் போகிறவர் நலமாகத் திரும்பி வர வேண்டும் என்பதற்காக வழக்கமாக ஓதும் ஆயத்தை, இமாமின் கையைப் பிடித்துக் கொண்டு ஓதினார். இமாம் கையை உருவிக் கொண்டு, இந்த இடத்துக்கு அல்லாஹ் என்னைத் திரும்பவும் கொண்டு வராமல் இருக்கட்டும் என்று துஆ செய்தார்கள். அத்தனை மரியாதை கிடைத்த ஊர்தான். ஆனாலும் அது அவர்களுக்குச் சிறைதான். பதினான்கு வருடங்களுக்குப் பிறகு, 1608-ல் திம்புக்டுவின் மண்ணை மிதித்தார்கள். விலங்கோடு போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

நிறம் ஒரு காரணமே அல்ல

திரும்பி வந்து ஏழு வருடங்கள் கழித்து, 1615-ல், சஹாராவின் நடுவே இருக்கும் துவாத் சோலையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அந்த வழியாக வியாபாரிகள் கறுப்பின மக்களை அடிமைகளாக ஓட்டிக் கொண்டு போவார்கள். அவர்களில் சிலர் நாங்கள் முஸ்லிம்கள் என்கிறார்கள். அவர்களை வாங்குவது கூடுமா? கறுப்பு நிறத்தவர்கள் எல்லோரும் நபி நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாமின் சந்ததி என்றும், அவர் மீது விழுந்த சாபத்தால் அவர்கள் அடிமையாகவே பிறந்தவர்கள் என்றும் சிலர் சொல்கிறார்களே, அது உண்மையா? இதுதான் கேள்வி.

இமாம் எழுதிய பதில் மிஃராஜுஸ் ஸுஊத் என்ற சிறு நூலாக ஆனது. அதன் சாரம் இதுதான். ஒருவரின் நிறத்துக்கும் அடிமைத்தனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஹாமின் சாபத்தால் ஓர் இனமே அடிமையானது என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. நிறம் வெப்பத்தாலும் தட்பவெப்பத்தாலும் வருவது என்று இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் ஆய்வை எடுத்துக் காட்டினார்கள். சோங்காய், கானோ, கட்ஸினா, போர்னு என்று முஸ்லிம் நாடுகளின் பெயர்களை வரிசையாக எழுதி, இந்த மக்கள் தாமாக விரும்பி இஸ்லாத்தை ஏற்றவர்கள், இவர்களைப் பிடிப்பதும் விற்பதும் ஹராம் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். அடிமை முறை என்பதையே அவர்கள் மறுத்து எழுதவில்லை. அந்த யுகத்தின் உலகச் சட்டங்களுக்குள் நின்று, ஃபிக்ஹின் வரம்புக்குள்தான் பேசினார்கள். முஸ்லிம் வியாபாரிகளே இந்தத் தவறில் கூட்டாளிகளாக இருந்தார்கள் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. அந்தக் கேள்வி வந்ததே அதனால்தான். ஆனால் தங்கத்துக்கும் ஆள் வியாபாரத்துக்கும் எல்லோரும் கண்ணை மூடிக் கொண்டிருந்த நேரத்தில், வியாபாரி சொல்லும் கதையை தீனாக ஆக்க இந்த இமாம் சம்மதிக்கவில்லை. அதே காலத்தில்தான் ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களை அட்லாண்டிக் கடல் தாண்டி ஏற்றிக் கொண்டிருந்தன. பிற்காலத்தில் அந்த ஹாம் கதையைச் சொல்லியே அமெரிக்காவில் அடிமைத்தனத்தை நியாயப்படுத்தினார்கள். அந்தக் கதை பொய் என்று அதற்கு முன்பே திம்புக்டுவில் ஓர் ஆலிம் எழுதி வைத்து விட்டார்.

அவர்கள் சொன்னது புதிய சட்டம் அல்ல. அரபியர், அரபியரல்லாதவர் என்றோ, வெள்ளையர், கறுப்பர் என்றோ எவருக்கும் உயர்வில்லை, தக்வாவில்தான் உயர்வு என்று நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் அறிவித்து விட்டார்கள். இமாம் அதை ஞாபகப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

1627-ம் ஆண்டு, தம் சொந்த ஊரில், எழுபது வயதில் வபாத் ஆனார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்களை விட்டுச் சென்றார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கிதாபுகளைக் காப்பாற்றிய மக்கள்

அவர்களின் வரலாறு அங்கே முடியவில்லை. 1973-ல் திம்புக்டுவில் பழைய கையெழுத்து நூல்களைச் சேகரிக்க ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு அஹ்மது பாபா (ரஹ்) அவர்களின் பெயரையே வைத்தார்கள். திம்புக்டு மக்கள் தங்கள் வீடுகளில், பெட்டிகளில், மண்சுவர் அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கிதாபுகளைப் பாதுகாத்து வந்திருந்தார்கள். ஃபிக்ஹும் ஹதீஸும் மட்டுமல்ல, வானவியல், மருத்துவம், கணக்கு, வியாபார ஒப்பந்தங்கள் எல்லாம் அவற்றில் இருந்தன. சில நூல்கள் அரபு எழுத்தில், ஆனால் ஆப்பிரிக்க மொழியில் எழுதப்பட்டவை.

2012-ல் ஆயுதக் குழுக்கள் அந்த ஊரைப் பிடித்தன. அப்போது நூலகப் பொறுப்பாளர்களும் சாதாரண மக்களும் சேர்ந்து, இரும்புப் பெட்டிகளில் கிதாபுகளை அடைத்து, கழுதை வண்டியிலும் படகிலும் காரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைநகர் பமாகோவுக்குக் கொண்டு போனார்கள். உயிரைப் பணயம் வைத்து, ரகசியமாக, பல மாதங்கள் செய்த வேலை. இலட்சக்கணக்கான நூல்கள் தப்பின. 2013 ஜனவரியில் அந்தக் குழுக்கள் ஊரை விட்டு ஓடும்போது, அஹ்மது பாபா நிலையத்தில் எஞ்சியிருந்தவற்றில் சில ஆயிரம் நூல்களைத் தீயிட்டு விட்டுப் போனார்கள். அன்று தீனின் பெயரால் வந்த சுல்தானின் படை கிதாபுகளைக் கொள்ளையடித்தது. இன்று தீனின் பெயரால் வந்தவர்கள் எரித்தார்கள். இரண்டு முறையும் தீனைக் காப்பாற்றியவர்கள் கிதாபைக் காப்பாற்றியவர்கள்தான்.

நமக்கு என்ன பாடம்?

அன்பிற்குரியவர்களே! மூன்று விஷயங்களோடு முடிக்கிறேன்.

முதலாவது, நம் வீட்டுக் கிதாபுகள். அரபு எழுத்தில் சொந்த மொழியை எழுதிய ஆப்பிரிக்க மக்களைப் போலவே, நம் முன்னோர்கள் அரபுத்தமிழில் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்றவர்கள் நம் பாட்டிமார்களுக்குப் புரியும் தமிழில் தீனின் சட்டங்களை அப்படித்தான் கொடுத்தார்கள். அந்தக் கிதாபுகள் இன்று பரணில் கரையான் தின்று கொண்டிருக்கின்றன. வீடு இடிக்கும்போது, படிக்கத் தெரியவில்லை என்று கடலிலும் கிணற்றிலும் போட்டு விடுகிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் போடாதீர்கள். பள்ளிக்குக் கொண்டு வாருங்கள், அல்லது ஓர் ஆலிமிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, உஸ்தாதுகள். நமக்கு அலிஃப் பா சொல்லிக் கொடுத்த உஸ்தாதின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அஹ்மது பாபா (ரஹ்) அவர்கள் சிறையிலிருந்து வெளியே வந்து, தம் உஸ்தாதின் பெயரை எழுதினார்கள். நாம் சுதந்திரமாக இருக்கிறோம். குறைந்தபட்சம் அவர்களுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதவாவது நேரம் ஒதுக்குவோம்.

மூன்றாவது, நிறம். இதைச் சொல்லாமல் மிம்பரிலிருந்து இறங்கினால் இந்த இமாமின் வரலாற்றைச் சொன்னதற்கு அர்த்தம் இல்லை. நிக்காஹுக்குப் பெண் பார்க்கும்போது நம் வீடுகளில் முதலில் கேட்கும் கேள்வி எது? தொழுகிறாளா என்பதா, சிவப்பாக இருக்கிறாளா என்பதா? மாநிறமாக, கறுப்பாக இருக்கும் எத்தனை ஸாலிஹான பெண் பிள்ளைகள், அடுத்தடுத்து வந்து பார்த்துவிட்டுப் போகும் வீட்டார் முன்னால் தலை குனிந்து நிற்கிறார்கள்? அதற்கு ஈடாகக் கூடுதலாக நகை கேட்கும் குடும்பங்களும் நம் மஹல்லாக்களில் இருக்கின்றன. பிலால் (ரலி) அவர்களின் பெயரைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். பிலாலின் நிறத்தில் ஒரு மருமகள் வேண்டாம் என்கிறோம். துவாத் வியாபாரிகள் நிறத்தைக் காட்டி விலை பேசினார்கள். நாமும் நிறத்தைக் காட்டி விலை பேசினால், அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

பெண் பார்க்கப் போகும் தாய்மார்களிடம் இந்தச் செய்தியை வீட்டுக்குப் போனதும் சொல்லுங்கள். பெண் பார்க்கும் பேச்சில் நிறம் என்ற வார்த்தையே இனி நம் வீட்டில் வரக்கூடாது என்று இன்றே நிய்யத் வையுங்கள். இந்த ஒரு நிய்யத்தோடு இங்கிருந்து எழுந்து போனால், திம்புக்டுவின் இமாம் எழுதிய ஃபத்வாவுக்கு நம் ஊரிலும் உயிர் வந்து விடும்.

யா அல்லாஹ்! இமாம் அஹ்மது பாபா (ரஹ்) அவர்களின் கப்ரையும், அவர்களின் உஸ்தாதுமார்களின் கப்ருகளையும், எங்கள் உஸ்தாதுமார்களின் கப்ருகளையும் ஒளியால் நிரப்புவாயாக! அநியாயத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்லும் ஆலிம்களை எங்களுக்குத் தருவாயாக! நிறத்தாலும் குலத்தாலும் செல்வத்தாலும் பெருமையடிக்கும் நோயை எங்கள் உள்ளங்களிலிருந்து நீக்குவாயாக! எங்கள் பெண் மக்களுக்கு ஸாலிஹான வாழ்க்கைத் துணைகளை அமைத்துத் தருவாயாக! ஆப்பிரிக்காவிலும் உலகெங்கிலும் போரிலும் பசியிலும் வாடும் எங்கள் சகோதரர்களுக்கு அமைதியையும் ரிஸ்கையும் அருள்வாயாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!